உங்களுக்குத் தெரியுமா? கிளம்பாத கணினிக்கு ஃபார்மேட் கடைசி வழி!

2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தும் பல கணினிகள் கிளம்பவில்லை. மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டில் பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம். ஆனால் காரணம் ஹார்டு டிஸ்க் கோளாறோ விண்டோஸின் சிதைவோ அல்ல. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான அப்டேட் கோப்பு. சேஃப் மோடில் நுழைந்து அந்த ஒரு கோப்பை நீக்கினால் போதும், கணினி பழையபடி இயங்கியது. இந்த வழியில் ஆவணங்களை அழிக்க வேண்டியிருக்கவில்லை. சேஃப் மோடு அத்தியாவசிய டிரைவர்களை மட்டுமே ஏற்றும். அதில் கணினி ஒழுங்காகத் திறந்தால், சந்தேகத்தை முதலில் அண்மையில் சேர்த்த மென்பொருள் மீதோ டிரைவர் மீதோதான் வைக்க வேண்டும்.

ஃபார்மேட் செய்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்பார்கள். எல்லாவற்றுக்கும் பேக்கப் வைத்திருக்கும் அலுவலகத்துக்கு அது பொருந்தும். வீட்டுக் கணினியிலோ குழந்தையின் படங்களும் கணக்கு வழக்கும் வேறெங்கும் இல்லாமல் இருக்கலாம். தவிர, லோகோ வருமுன்பே பீப் ஒலியோடு நின்றுவிடும் கணினியில் ராம் போன்ற வன்பொருளைத்தான் பார்க்க வேண்டும்; அங்கே ஃபார்மேட்டால் பயனே இல்லை. சேஃப் மோடுக்குள் போகவே முடியவில்லை என்ற மறுப்பில் நியாயம் உண்டு: பிட்லாக்கர் என்ற விண்டோஸ் குறியாக்க வசதி பூட்டிய டிஸ்க் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், 2024இல் பல நிறுவனங்களின் மீட்பு வேலை தாமதமானதற்கு அதுவும் காரணம். அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கணினி நன்றாக ஓடும்போதே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.