நடுங்கும் பென்சில்

வாக்குச் சாவடியிலே ஒரு மறைவிடம். அங்கே வாக்குச் சீட்டு. அருகே நூலில் கட்டித் தொங்கவிட்ட பென்சில். பிரிட்டனிலே ஓர் அரசைக் கவிழ்க்க இவ்வளவே போதும். பிடித்த பெயருக்கு நேரே பெருக்கல் குறி ஒன்று. மடித்துப் பெட்டியிலே போட்டுவிட்டு நடையைக் கட்டலாம். அரை நிமிட வேலை!

அந்த அரை நிமிடத்துக்கு முன்னே வாரக்கணக்கில் உறக்கமின்றி உழல்கிறான் அந்நாட்டின் இடதுசாரி வாக்காளன். 2024 ஜூலை 4-ஆம் நாள் நடைபெற்ற பொதுத் தேர்தலையே எடுத்துக் கொள்வோம். 14 ஆண்டுகளாகக் கோலோச்சிய கன்சர்வேடிவ் கட்சி வீழப் போகிறது என்று கருத்துக் கணிப்புகள் கட்டியம் கூறின. உழைப்பவர் பக்கம் நிற்பவன் துள்ளிக் குதித்திருக்க வேண்டுமல்லவா? துள்ளவில்லை. கவலை கப்பிய முகத்தோடு நின்றான். ஏன்?

அவனுக்கு இரண்டு அச்சங்கள். வாக்கு சிதறுமோ என்பது ஒன்று. கொள்கை சிதறுமோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் அவனைத் தொழிற்கட்சியின் பக்கம் தள்ளுகிறது. இரண்டாவது அச்சம் பின்னின்று இழுக்கிறது. இடையிலே நடுங்குகிறது பென்சில்!

முதல் அச்சத்தைக் கோழைத்தனம் என்று கூறிவிட முடியாது. பட்ட பாட்டிலே பிறந்தது அது. அந்நாட்டுத் தேர்தல் முறை நமக்குப் புதிதல்ல. அவர்களிடமிருந்து நாம் பெற்ற முறைதான். ஒரு தொகுதி, பலர் போட்டி, அடுத்தவரைவிட ஒரே ஒரு வாக்கு மிகுதியாகப் பெற்றவர் வென்றவர். தோற்றவர்கள் பெற்றதையெல்லாம் கூட்டினால் வென்றவரின் வாக்கைப்போல் இரு மடங்கு இருக்கட்டுமே! பயன் என்ன? காற்றிலே கரைந்த கற்பூரம்!

1951-ஆம் ஆண்டுத் தேர்தலைப் பாருங்கள். தொழிற்கட்சிக்கு விழுந்தவை 1 கோடியே 39 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள். கன்சர்வேடிவ் கட்சியும் அதன் துணைவர்களும் பெற்றவை 1 கோடியே 37 லட்சம். கூடுதல் வாக்குப் பெற்றவர்களுக்கு 295 இடங்கள். குறைவாகப் பெற்றவர்களுக்கு 321 இடங்கள்! சர்ச்சில் மீண்டும் பிரதமரானார்.

1983-ஐப் பாருங்கள். தொழிற்கட்சியின் முன்னாள் அமைச்சர்கள் நால்வர் 1981-இலே பிரிந்து சென்று சமூக ஜனநாயகக் கட்சி கண்டனர்; லிபரல் கட்சியோடு கைகோத்தனர். தேர்தலிலே தொழிற்கட்சிக்கு நூற்றுக்கு 27.6, அந்தக் கூட்டணிக்கு 25.4. விளைவு? தாட்சர் அம்மையாரின் கட்சிக்கு வாக்கு விகிதம் 1979-இல் இருந்ததைவிடக் குறைந்தது. இடங்களோ 339-லிருந்து 397 ஆயின! அந்த வலிமையோடு வீற்றிருந்த ஆட்சியை எதிர்த்துத்தான் 1984 மார்ச்சில் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓராண்டு போராடி, ஒன்றும் பெறாமல் திரும்பினர். இவ்வளவையும் கண்டவன், "வாக்கைச் சிதறவிடாதே" என்று தன் பிள்ளைக்குச் சொல்வதிலே வியப்பென்ன?

இனி இரண்டாவது அச்சம். இது வெளியாரைக் கண்டு எழுவதல்ல. வீட்டாரைக் கண்டு எழுவது.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத்திலே சிறுவனாக நுழைந்து உழைத்தவர் அனூரின் பேவன். 1945-இலே அட்லி அமைத்த அரசில் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-ஆம் நாள், பணம் இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே மருத்துவம், அதுவும் கட்டணமின்றி என்ற தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கி வைத்தார். மூன்றாண்டுகள் கழியவில்லை. கொரியப் போர் மூண்டது. படைக்கலச் செலவு பெருகியது. பொய்ப் பற்களுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் மக்களிடம் கட்டணம் வாங்குவதென்று அவருடைய சொந்தக் கட்சியின் அரசே முடிவு செய்தது. 1951 ஏப்ரலில் பேவன் பதவியைத் துறந்தார். அவ்வாண்டு அக்டோபரில்தான் அந்தத் தோல்வி!

சிலர் கேட்டார்கள்: பல்லுக்கும் கண்ணாடிக்குமா ஓர் அமைச்சர் பதவி விலகுவது? நாம் கேட்கிறோம்: ஏழையின் பல்லும் கண்ணும் சிறியவையா? கரையிலே ஒரு நண்டு வளைதானே என்று விட்டால், ஏரி நிற்குமா?

2024-இலும் அப்படி ஒரு வளை இருந்தது. கன்சர்வேடிவ் ஆட்சி 2017-இலே கொண்டுவந்த ஏற்பாடு அது. வறிய குடும்பத்தின் முதல் இரு குழந்தைகளுக்குத்தான் உதவித் தொகை; அவ்வாண்டு ஏப்ரலுக்குப் பின் மூன்றாவதாகப் பிறந்த குழந்தைக்குக் கிடையாது! மூன்றாவதாகப் பிறந்தது அந்தக் குழந்தை செய்த குற்றமா? இதை ஒழிப்போம் என்று தொழிற்கட்சியின் தேர்தல் அறிக்கை உறுதி கூறவில்லை. கருவூலத்திலே பணமில்லை என்றனர். "இதற்கா நான் வாக்களிப்பது?" என்று கேட்டான் வாக்காளன். அந்தக் கேள்வியிலே நியாயம் இருந்தது.

முடிவு என்னவாயிற்று? நூற்றுக்கு 33.7 வாக்குப் பெற்ற தொழிற்கட்சிக்கு 650-இல் 411 இடங்கள். 2017-இலே இதே கட்சி நூற்றுக்கு 40 பெற்று 262 இடங்களோடு எதிர்வரிசையில் அமர்ந்ததை மறந்துவிடக் கூடாது. வாக்கு குறைந்தது, வெற்றி மலையளவு வளர்ந்தது. மாயமல்ல, மந்திரமல்ல. இம்முறை சிதறியது மாற்றாரின் வாக்கு! கன்சர்வேடிவ் கட்சிக்கு 23.7 என்றும், ரிஃபார்ம் கட்சிக்கு 14.3 என்றும் வலதுசாரி வாக்குகள் பிரிந்தன. பிரிந்தவர்கள் கூடினால் என்னாகும்? இரவல் நகையை எண்ணி இறுமாப்படைவது அறிவுடைமையாகாது. பதிவு பெற்ற வாக்காளர்களில் நூற்றுக்கு 40 பேர் சாவடிப் பக்கமே வரவில்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வழி என்ன?

வீட்டிலே முடங்குவது வழியல்ல. முடங்கியவனின் மௌனத்தை யாரும் எண்ணுவதில்லை. எதிரியின் வாக்கையோ ஒன்று விடாமல் எண்ணுவார்கள். வாக்களித்துவிட்டு வாய்மூடிக் கிடப்பதும் வழியல்ல. 2024 ஜூலை மாதத்திலேயே, அந்த இரு குழந்தை வரம்பை எதிர்த்து நாடாளுமன்றத்தில் வாக்களித்த தொழிற்கட்சி உறுப்பினர் எழுவர், கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டனர். எனினும் குரல் ஓயவில்லை. கட்சிக்குள்ளும் வெளியிலும் கேட்டுக்கொண்டே இருந்தனர். 2025 நவம்பரில் அதே அரசின் நிதிநிலை அறிக்கை, 2026 ஏப்ரல் முதல் அந்த வரம்பு நீங்கும் என்று அறிவித்தது. தேர்தலுக்கு முன் இல்லாத பணம், தேர்தலுக்குப் பின் எங்கிருந்து வந்தது? விடாமல் கேட்டவர்களின் குரலிலிருந்து வந்தது!

சிதறலுக்கும் மருந்து உண்டு. தொழிற்கட்சியின் முன்னோர் 1903-இலே லிபரல்களோடு தொகுதி உடன்பாடு செய்துகொண்டுதான், 1906-இலே 29 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். நம் நாட்டிலே அந்த மருந்தைக் கண்கூடாகக் கண்டோம். 1962-இலே சிதறிக் கிடந்த எதிர்க்கட்சி வாக்குகளை, 1967-இலே அண்ணா ஒன்று கூட்டினார். இராஜாஜியின் சுதந்திரக் கட்சி ஒருபுறம், மார்க்சிஸ்ட் கட்சி மறுபுறம். தனித்தனியே எண்ணினால் கழகம் பெற்றதைவிடக் காங்கிரஸ் பெற்ற வாக்கு சற்றே கூடுதல். எனினும் ஆட்சி மாறிற்று. ஒளிவு மறைவின்றி இதைச் சொல்கிறோம். இந்தத் தேர்தல் முறை தாயுமல்ல, மாற்றாந்தாயுமல்ல. கூடி நிற்பவனுக்குக் கொடுக்கும், பிரிந்து நிற்பவனிடம் பறிக்கும்.

எனவே அந்த வாக்காளத் தோழனின் நடுக்கத்தைக் கண்டு நாம் நகைக்கவில்லை. கட்சி கொள்கையை விட்டுவிடுமோ என்று அஞ்சுகிறவன் கட்சிக்குப் பகைவன் அல்லன். வீட்டுத் திண்ணையிலே விழித்திருக்கும் காவல்காரன். வெற்றி வந்த பிறகு அவனைத் தூங்கச் சொல்லும் தலைவர்கள்தாம் அஞ்சத்தக்கவர்கள். பென்சில் நடுங்கினாலும் குறியைப் போடட்டும். போட்டுவிட்டு வெளியே வந்து, தான் தேர்ந்தெடுத்தவரின் வாயிற்படியிலே மறுநாளே போய் நிற்கட்டும். கேட்க வேண்டியதைக் கேட்கட்டும்!