தாய்ச் சுண்டெலிக்குப் பால் சுரக்காதது ஏன்?

செல்லோடு செல் ஒட்டி நிற்காவிட்டால் உடம்பு என்று ஒன்று இல்லை. தோல், குடல், இரைப்பை, பால் சுரப்பி ஆகியவற்றின் பரப்பெல்லாம் நெருக்கி அடுக்கிய செல்கள்தாம். அந்த அடுக்குகளைப் பிடித்து வைத்திருக்கும் புரதங்களில் முதன்மையானது ஈ-கேட்ஹெரின். ஒரு செல்லின் மேற்பரப்பிலிருந்து வெளியே நீண்டு, பக்கத்துச் செல்லிலிருந்து நீளும் அதே புரதத்தை அது பற்றிக்கொள்கிறது. கால்சியம் இருந்தால்தான் அந்தப் பிடி நிற்கும். ஜப்பானின் மசடோஷி டகேய்ச்சியும் ஜெர்மனியின் ரால்ஃப் கெம்லரும் வெவ்வேறு வழிகளில் தேடி இந்தப் புரதத்தை அடைந்தார்கள். 2020இல் கனடாவின் கெய்ர்ட்னர் விருது இருவருக்கும் கிடைத்தது.

ஒரு மரபணு என்ன செய்கிறது என்று அறிய நேரான வழி, அதை எடுத்துவிட்டுப் பார்ப்பது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை மட்டும் நீக்கிய சுண்டெலிகள் 1989 முதல் வரத் தொடங்கின. அவற்றுக்கு வழி செய்த மாரியோ கபெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் மூவரும் 2007இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஈ-கேட்ஹெரின் மரபணுவையும் அப்படி நீக்கினார்கள். 1994இல் கெம்லரின் குழுவும் 1995இல் கார்மென் பிர்ஷ்மையரின் குழுவும் கண்ட முடிவு ஒன்றுதான்: அந்தக் கரு கருப்பையில் பதியும் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

அந்த மரணத்திலும் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருந்தது. எட்டுச் செல் நிலையில் கருவின் செல்கள் ஒன்றோடொன்று நெருங்கி உருண்டையாக இறுகும். மரபணு இல்லாத கருக்களிலும் இது நடந்தது. தாயின் முட்டையிலிருந்து வந்த ஈ-கேட்ஹெரின் அதுவரை தாங்கியிருக்கிறது. அந்தக் கையிருப்பு தீர்ந்த பிறகு, கருவின் வெளியடுக்காக வேண்டிய செல்கள் அடுக்காக அமையவே இல்லை.

இந்த மரபணு இல்லாமல் உயிர் இல்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் பிறக்காத சுண்டெலியிடம் தோலைப் பற்றியோ பால் சுரப்பியைப் பற்றியோ என்ன கேட்க முடியும்? உடம்பு முழுவதும் மரபணு பத்திரமாக இருக்க வேண்டும்; வேண்டிய உறுப்பில், வேண்டிய வயதில் மட்டும் அது போக வேண்டும். நிபந்தனையோடு மரபணுவை நீக்கும் முறை இதற்காகவே வந்தது.

முறைக்கான கருவி, பாக்டீரியாவைத் தாக்கும் பி1 என்ற வைரஸிலிருந்து கிடைத்தது. அந்த வைரஸிடம் க்ரீ என்றொரு நொதி உண்டு. 34 எழுத்து நீளமுள்ள லாக்ஸ்-பி என்ற டிஎன்ஏ தொடரை அது அடையாளம் காணும். ஒரே திசை நோக்கிய இரண்டு லாக்ஸ்-பி தொடர்கள் இருந்தால், நடுவிலுள்ள பகுதியைக் கத்தரிக்கோல் போல வெட்டி எடுத்துவிட்டு முனைகளை இணைத்துவிடும். சுண்டெலியின் டிஎன்ஏவில் இத்தொடர் இயல்பாக இல்லாததால், நாம் வைத்த இடத்தில்தான் வெட்டு விழும் என்று நம்பலாம். பாலூட்டிகளின் செல்லுக்குள்ளும் க்ரீ வேலை செய்யும் என்பதை டூபாண்ட் நிறுவனத்தில் பிரையன் சாவர் 1980களில் காட்டினார். 1994இல் ஜெர்மனியின் கொலோனில் கிளாஸ் ராயெவ்ஸ்கியின் குழு, நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி-செல்களில் மட்டும் ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலியை உருவாக்கியது.

இதற்கு இரண்டு வகைச் சுண்டெலிகள் வேண்டும். ஒன்றில், குறிவைத்த மரபணுவின் இருபுறமும் லாக்ஸ்-பி இருக்கும். இந்தத் தொடர்கள் மரபணுவின் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத இடங்களில் வைக்கப்படுவதால் அந்தச் சுண்டெலி நலமாகவே வாழும். மற்றொன்றில், ஒரு குறிப்பிட்ட திசுவில் மட்டும் க்ரீ உருவாகும்படி மரபணு சேர்த்திருப்பார்கள். இரண்டையும் இணை சேர்த்து, பிறந்த குட்டிகளில் இரண்டும் உள்ளதை மறுபடி லாக்ஸ்-பி சுண்டெலியோடு சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளுக்கு ஒன்றுதான் தேவையான வகையாக வரும். மற்ற குட்டிகளும் வீணல்ல. ஒரே ஈற்றில் பிறந்த அந்த உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டால்தான் கண்ட மாற்றம் மரபணுவால் வந்ததா என்று சொல்ல முடியும். க்ரீ மட்டும் உள்ள குட்டியையும் இந்த ஒப்பீட்டில் சேர்ப்பது என் பார்வையில் கட்டாயம். அந்த நொதி அளவு மீறினால் செல்லுக்குத் தானே கேடு செய்யும்.

கெம்லரின் குழு ஈ-கேட்ஹெரின் மரபணுவின் ஆறாவது முதல் பத்தாவது எக்ஸான் (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டு) வரையிலான பகுதிக்கு இருபுறமும் லாக்ஸ்-பி வைத்தது. பால் சுரப்பியில் க்ரீயை இயக்கிய அவர்களின் ஆய்வு 2002இல் வெளியானது. கர்ப்பத்தின் 16 முதல் 18 நாள் வரை சுரப்பி இயல்பாகவே வளர்ந்தது. சுண்டெலியின் கர்ப்பகாலமே ஏறத்தாழ 20 நாள்தான். பிரசவத்தை ஒட்டிய நேரத்தில் சுரப்பியின் செல்கள் கூட்டமாக மடிந்தன. பால் புரதங்கள் பெரிதும் குறைந்தன. குட்டிகள் பால்குடி மறந்த பிறகு சுருங்கும் சுரப்பி எப்படி இருக்குமோ, குட்டி பிறந்த வேளையிலேயே அப்படி ஆகிவிட்டது. தாயால் பாலூட்ட முடியவில்லை. பிடித்து நிறுத்துவது மட்டுமே இப்புரதத்தின் வேலை என்றிருந்த எண்ணம் இதனால் மாறியது. பால் சுரக்கும் செல்லுக்கு உயிர் தரித்திருக்கவே அது தேவை.

தோலில் அதே மரபணு வேறு கதை சொன்னது. மேல்தோலில் ஈ-கேட்ஹெரின் இல்லாமல் பிறந்த குட்டிகளைக் கொலோன் குழு ஒன்று 2005இல் விவரித்தது. செல்களுக்கு இடையே நீர் கசியாமல் அடைக்கும் இறுக்க இணைப்புகள் அவற்றில் சரியாக அமையாததால், உடலின் நீர் தோல் வழியே வெளியேறி அவை பிறந்தவுடன் இறந்தன.

எல்லோரும் முக்கியமாகக் கேட்டது புற்றுநோயைப் பற்றித்தான். மார்பகப் புற்றின் லோபுலர் வகையில் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அப்படியானால் அதை நீக்கினால் கட்டி வர வேண்டுமே? 2002 ஆய்வில் கட்டி வரவில்லை. செல்கள் அதற்கு முன்பே இறந்துவிட்டன. நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தில் யோஸ் யோங்கர்ஸ் குழு ஈ-கேட்ஹெரினோடு, பழுதான செல்களைச் சாக வைக்கும் பி53 மரபணுவையும் சேர்த்து நீக்கியது. 2006இல் வெளியான அந்த ஆய்வில், மனிதரின் லோபுலர் புற்றை ஒத்த கட்டிகள் வந்து மற்ற உறுப்புகளுக்கும் பரவின. பிடி இழந்த செல் சாக வேண்டிய இடத்தில் சாகாமல் தப்பக் கற்றுக்கொண்டால்தான் ஆபத்து என்று இதிலிருந்து புரிந்தது.

2019இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ யூவால்ட் குழு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மார்பகப் புற்றில் அதிகம் காணப்படும் நாள வகையை ஒத்த மாதிரிகளில் ஈ-கேட்ஹெரினை நீக்கியபோது செல்கள் சுற்றுத் திசுவுக்குள் கூடுதலாக ஊடுருவின. ஆனால் இரத்தத்தில் பிழைத்துச் சென்று வேறு உறுப்பில் வேரூன்றும் திறன் வெகுவாகக் குறைந்தது. ஈ-கேட்ஹெரின் போனால் புற்று பரவும் என்று பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் சொல்லிவந்தது எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. எந்தத் திசு, வேறு எந்த மரபணு கூடவே பழுதானது என்று சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த முறைக்கும் ஓட்டைகள் உண்டு. சில செல்களில் க்ரீ வேலை செய்யாமல் விட்டுப்போகும். மரபணு மிஞ்சிய அந்தச் செல்கள் நலமாகப் பெருகி, பழுதை மறைத்துவிடும். எதிர்பாராத திசுவிலும் க்ரீ எட்டிப்பார்ப்பது உண்டு. டமாக்சிஃபன் மருந்து கொடுத்தால் மட்டுமே விழிக்கும் க்ரீ 1990களில் வந்த பிறகு, எந்த நாளில் வெட்டு விழ வேண்டும் என்பது ஓரளவு ஆய்வாளர் கைக்கு வந்தது.

இரைப்பைப் புற்று ஆய்வுகளும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. 1998இல் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் பாரி கில்ஃபோர்டும் சகாக்களும், தலைமுறை தலைமுறையாக இரைப்பைப் புற்றுக்கு உயிர்களைக் கொடுத்துவந்த நியூசிலாந்து மாவோரிக் குடும்பம் ஒன்றில் ஈ-கேட்ஹெரின் மரபணுவின் பழுதைக் கண்டார்கள். பழுதான ஒரு பிரதியோடு பிறப்பவரின் இரைப்பைச் செல்லில் மற்ற பிரதியும் எப்போதாவது போய்விட்டால், அங்கே மிகச் சிறிய புற்றுப்புள்ளி முளைக்கிறது. பல புள்ளிகள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றன. சில திடீரென்று பரவுகின்றன. அதைத் தூண்டும் இரண்டாவது பழுது எது என்பதே கேள்வி. இரைப்பையின் அமிலச் செல்களில் ஈ-கேட்ஹெரினையும் பி53ஐயும் ஒன்றாக நீக்கிய சுண்டெலிகளில் பரவும் புற்று வந்ததாக டோக்கியோ குழு ஒன்று 2012இல் காட்டியது. எந்தப் புள்ளி பரவும், எது பரவாது என்று மனிதரிடம் முன்கூட்டிச் சொல்ல இன்னும் வழியில்லை. அதனால்தான் இந்த மரபணுப் பழுதுள்ள பலருக்கு, நோய் எதுவும் தெரியாத இளவயதிலேயே இரைப்பையை முழுதாக எடுத்துவிடும்படி மருத்துவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள்.