வீட்டுக் கணினிக்கான தரவு மீட்பு மென்பொருள்

தரவு மீட்பு மென்பொருள் என்பது வன்தட்டு, பென்டிரைவ், நினைவக அட்டை ஆகியவற்றில் தவறுதலாக அழிக்கப்பட்ட அல்லது ஃபார்மேட் செய்யப்பட்ட கோப்புகளைத் தேடி எடுத்துத் தரும் செயலியாகும். இவற்றுள் முற்றிலும் இலவசமானவையும் உண்டு. ஆயிரக்கணக்கில் ரூபாய் கேட்பவையும் உண்டு. விலை கூடினால் மீட்கும் திறனும் கூடும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. தேடும் கோப்பு வட்டில் இன்னும் எஞ்சியிருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

செயல்படும் விதம்

நூலகத்தின் பட்டியலிலிருந்து ஒரு நூலின் பெயரை அடித்துவிட்டாலும் நூல் அலமாரியிலேயே இருக்கும். கோப்பை அழிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஃபேட்32 முறைமையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்துக்குரிய இடத்தில் ஒரு குறி இடப்படுகிறது. என்டிஎஃப்எஸ் முறைமையில் அக்கோப்பின் பதிவு ‘பயன்பாட்டில் இல்லை’ என்று மாற்றப்படுகிறது. உள்ளடக்கம் தொடப்படுவதில்லை. ஆனால் அந்த இடம் காலியென்று கணினி கருதுவதால், பின்னர் வரும் வேறொரு கோப்பு அதன்மேல் எழுதப்படலாம். அப்படி எழுதப்பட்ட பகுதியை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

ஆகவே கோப்பு காணாமற்போனதும் அந்த வட்டைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். பதற்றத்தில் பலர் செய்யும் பிழை, மீட்பு மென்பொருளை அதே சி டிரைவில் பதிவிறக்கி நிறுவுவது. தேடும் கோப்பின் மேலேயே அது எழுதப்பட்டுவிடக்கூடும். வேறொரு கணினியில் பதிவிறக்கிப் பென்டிரைவிலிருந்து இயக்குவது நல்லது. மீட்ட கோப்புகளையும் வேறு வட்டில்தான் சேமிக்க வேண்டும்.

புதிய மடிக்கணினிகளில் உள்ள எஸ்எஸ்டி வட்டுகளின் நிலை வேறு. விண்டோஸ் 7 முதல், கோப்பு அழிக்கப்பட்டதும் டிரிம் என்னும் கட்டளை வட்டுக்கு அனுப்பப்படுகிறது. அதன்பின் வட்டே அப்பகுதிகளைத் துடைத்துவிடுவதால் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இத்தகைய வட்டுக்குப் பணம் கொடுத்து மென்பொருள் வாங்குவதற்குமுன் இருமுறை சிந்திக்க வேண்டும். மறுசுழற்சித் தொட்டியையும் கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் ஆகியவற்றின் குப்பைத் தொட்டிகளையும் பார்ப்பதே அங்கு பயன் தரும்.

இலவச மென்பொருள்கள்

ரெக்குவா எளிய திரைகளைக் கொண்டது. அண்மையில் அழித்த கோப்புகளுக்குப் போதுமானது. மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட விண்டோஸ் ஃபைல் ரிகவரி, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கப்படுவது. வட்டின் பிரிவுகளே காணாமற்போனால் டெஸ்ட்டிஸ்க் உதவும்.

டெஸ்ட்டிஸ்கோடு சேர்ந்து வரும் ஃபோட்டோரெக், பெயருக்கு மாறாக, படங்களை மட்டுமன்றி வேர்டு, பிடிஎஃப் முதலிய நூற்றுக்கணக்கான வகைக் கோப்புகளை மீட்கும். இரண்டும் திறமூல மென்பொருள்கள். ஃபோட்டோரெக் கோப்புப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வகைக் கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாள எண்களைத் தேடிச் செல்கிறது. அதனால் ஃபார்மேட் செய்த பென்டிரைவிலும் பலன் கிடைக்கிறது. குறை என்னவென்றால், பழைய பெயர்களும் கோப்புறைகளும் திரும்பா. இக்கட்டுரையாளர் 14 ஆண்டுகளாகச் சேர்த்த வினாத்தாள்கள் இருந்த பென்டிரைவ், அச்சகத்தில் கேட்ட கேள்விக்கு ‘சரி’ என்று அழுத்தியதில் ஒரு நொடியில் காலியானது. ஃபோட்டோரெக் பெரும்பகுதியை மீட்டது. ஆனால் எல்லாம் எண்களைப் பெயராகக் கொண்டு வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பெயரிட மூன்று வாரம் ஆயிற்று. சில கோப்புகள் பாதியில் அறுந்திருந்தன.

கட்டண மென்பொருள்கள்

இவற்றில் பணம் பெரும்பாலும் வசதிக்காகவே: தெளிவான திரை, முன்னோட்டம், கோப்புறை அமைப்போடு மீட்பு. பலவற்றில் தேடல் இலவசம், குறிப்பிட்ட அளவுக்குமேல் மீட்கத்தான் கட்டணம். ஆகவே முதலில் தேடிப் பார்த்து, வேண்டிய கோப்பு முன்னோட்டத்தில் முழுமையாகத் திறக்கிறதா என்று காண வேண்டும். பட்டியலில் பெயர் தெரிவது மட்டும் சான்றாகாது. பெயர் இருந்தும் உள்ளே வெறுமையாக இருப்பதுண்டு. மாதச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் வாங்குமுன் படிக்க வேண்டும். வீட்டில் ஒரு முறை ஏற்பட்ட இழப்புக்கு ‘வாழ்நாள் உரிமம்’ தேவையில்லை. ‘கிராக்’ செய்த பதிப்புகளில் தீநிரல்கள் ஒளிந்திருக்கலாம்; இழந்த கோப்புக்காக இருக்கும் கோப்புகளையும் இழக்க நேரிடும்.

மென்பொருள் உதவாத இடம்

வன்தட்டிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி வந்தால், அல்லது கணினி வட்டையே அடையாளம் காணாவிட்டால், பழுது பெரும்பாலும் வன்பொருளில் உள்ளது. மீண்டும் மீண்டும் தேடல் ஓட்டுவது வட்டை மேலும் சிதைக்கும். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, வட்டைத் தூசியற்ற அறையில் திறந்து பார்க்கும் வசதியுள்ள மீட்பு மையத்தை நாட வேண்டும். அதற்கான செலவு மென்பொருள் விலையைவிடப் பன்மடங்கு ஆகலாம் என்பதால், மீட்க முடியாவிட்டால் கட்டணம் உண்டா என்பதை வட்டைக் கொடுக்கும்போதே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.