சிறைக் காவலர் கற்க வேண்டிய மரியாதை

சிறையில் இருப்பவரைக் காப்பது ஒரு தொழில். மருத்துவமும் ஆசிரியப் பணியும் போல அதுவும் முறையாகக் கற்றுச் செய்ய வேண்டிய தொழிலாகும். இந்தக் கருத்து நம் நாட்டில் வேரூன்றியதில் மான்குர்த் வட்டாரத்திற்கும் ஒரு பங்கு உண்டு. சிறார் உதவிச் சங்கம் என்னும் பழைய அமைப்பு, 1927-இல் தோன்றியது. அதன் குழந்தைகள் இல்லம் மான்குர்திலேயே அமைந்திருக்கிறது. அடுத்துள்ள தேவனாரில், 1936-இல் நிறுவப்பெற்ற டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் இயங்கி வருகிறது. குற்றவியலும் திருத்த நிர்வாகமும் அங்கே நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றன. 1990-இல் தொடங்கிய அதன் 'பிரயாஸ்' என்னும் பணித்திட்டம், சமூகப் பணியாளர்களைச் சிறைகளுக்குள்ளேயே அனுப்பிக் கைதிகளுக்கு உதவி வருகிறது.

1951-52ஆம் ஆண்டுகளில், ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணராக வால்டர் ரெக்லெஸ் என்பவர் இந்தியா வந்து, நம் சிறைகளின் நிர்வாகத்தை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. இன்று மகாராஷ்டிரத்தின் சிறை அதிகாரிகளுக்கு எரவாடாவில் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. தென் மாநிலங்களின் அதிகாரிகளுக்காக 1979-இல் வேலூரில் ஒரு பயிற்சி நிலையம் ஏற்பட்டது. இத்தகைய பயிற்சியில் அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்துள்ள ஒரு பாடத்தைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறோம். திருநங்கையர், திருநம்பியர், இடைப்பாலினத்தவர், தன்பாலின ஈர்ப்புடையோர் ஆகியோர் கைதிகளாக வரும்போது, காவலர் அவர்களை எவ்வாறு நடத்த வேண்டும் என்பதே அப்பாடம்.

இதற்குத் தனிப் பாடம் எதற்கு என்று சிலர் வினவலாம். நம் சிறைகள் ஆணுக்கு ஒரு வாயில், பெண்ணுக்கு ஒரு வாயில் என்று கட்டப்பட்டவை. பதிவேடும் அவ்வாறே இரண்டு பத்திகளுடன் அமைந்திருந்தது. இவ்விரண்டிலும் அடங்காதவர் வந்து நின்றால், என்ன செய்வதென்று காவலருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. 1871-இல் ஆங்கில அரசு இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஒரு பகுதி, இத்தகையோரைப் பெயர் எழுதிக் கண்காணிக்க வேண்டிய கூட்டமாகவே கருதியது. சட்டம் மறைந்த பின்னும் அந்தப் பார்வை மறையவில்லை.

அதன் விளைவு எத்தகையது என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 2006-இல் சென்னையில், ஒரு திருட்டு வழக்கில் விசாரிக்கப்பட்ட திருநங்கை ஒருவர், காவல் நிலையத்தில் தாம் பட்ட கொடுமையைத் தாங்க இயலாமல் தீக்குளித்து உயிர் நீத்தார். அவருடைய குடும்பத்திற்கு ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பணம் கிடைத்தது; உயிர் திரும்புமா? காவலில் இருப்பவருக்குத் தப்பி ஓட வழியில்லை; உதவிக்கு அழைக்க அயலாரும் இல்லை. காவலரின் நாவும் கையும் எவ்வாறு இயங்குகின்றனவோ, அதுவே அவருடைய வாழ்வும் சாவும் ஆகிவிடுகிறது. பயிற்சியின் அவசியம் இங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் காண்போம். சிறை புகுந்தவர் தம் நடமாட்ட உரிமையை இழக்கிறாரே ஒழிய, அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழந்துவிடுவதில்லை என்று 1978-இல் சுனில் பத்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2014 ஏப்ரல் 15-இல், தம் பாலினத்தைத் தாமே அறிந்து கூறும் உரிமை திருநருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 6-இல், வயது வந்த இருவர் மனமொத்து வாழும் தன்பாலின உறவு குற்றமாகாது என்றும் தீர்ப்பளித்தது. 2020ஆம் ஆண்டிற்கான நாட்டின் சிறைப் புள்ளிவிவரத்தில் திருநர் கைதிகள் முதன்முறையாகத் தனியே எண்ணப்பட்டனர். 2022 ஜனவரியில் மத்திய உள்துறை அமைச்சகம், திருநர் கைதிகளை நடத்தும் முறை பற்றி எல்லா மாநிலங்களுக்கும் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. காவலருக்குப் பயிற்சி தேவை என்பதையும் அது வலியுறுத்தியது.

இவையெல்லாம் ஏட்டில் உள்ளவை. சிறையில் இவற்றுக்கு உயிர் கொடுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, வாயிற்பதிவு. உலக நாடுகள் 2015-இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் மொத்தம் 122. அவற்றுள் ஏழாம் விதி, கைதியின் அடையாளத்தைப் பதியும்போது அவர் தம்மை எப்பாலினராக உணர்கிறாரோ அதனை மதிக்க வேண்டும் என்கிறது. ஆகவே பயிற்சி பெற்ற காவலர், பிறர் முன்னிலையில் உரக்கக் கேளாமல், தனியே, "உங்களை எந்தப் பெயரால் அழைக்கலாம்?" என்று வினவிக் குறித்துக்கொள்வார். இங்கே மொழியும் ஒரு பொறுப்பைச் சுமக்கிறது. தமிழில் 'அவர்' என்னும் சொல் ஆண், பெண் வேறுபாடின்றி மரியாதை தருவது. 'அவன்', 'அவள்' எனத் தடுமாற வேண்டியதில்லை. 'அது' என்று அஃறிணையாகச் சுட்டுவதுதான் பெரும் இழிவு. மராத்தியிலும் இந்தியிலும் வினைச்சொல்லே பால் காட்டுமாதலின், அம்மொழிகள் பேசும் காவலர் கேட்டறிந்து பேசுவதே முறை. தமிழ்க் கைதி ஒருவர் 'திருநங்கை' என்று சொன்னால், அது மராத்தியில் 'திருதீயபந்தி' எனப்படுவதை அவர் அறிந்திருத்தலும் நன்று.

இரண்டாவது, உடற்சோதனை. தடை செய்யப்பட்ட பொருள் உள்ளே வராமல் தடுப்பது காவலரின் கடமை. அதில் எவருக்கும் விலக்கு இல்லை. ஆனால் சோதிக்கும் முறைக்கு வரம்பு உண்டு. கைதி விரும்பும் பாலினத்தவரோ, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோ சோதிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு அறிவுறுத்தல் கூறுகிறது. ஆடை களைந்து சோதிப்பது தவிர்க்க முடியாததாயின், மறைவான இடத்தில் நிகழ வேண்டும். ஒருவர் ஆணா பெண்ணா என்று அறியும் ஆவலுக்காக மட்டும் உடலைச் சோதிப்பது தொழில் ஆகாது. அமெரிக்க நாட்டில், சிறைகளில் பாலியல் வன்கொடுமையைத் தடுக்க 2012-இல் வகுக்கப்பட்ட விதிகளும் இத்தகைய சோதனையை விலக்கின.

மூன்றாவது, தங்கும் இடம். ஆண்கள் பகுதியில் விடப்படும் திருநங்கைக்குப் பாலியல் வன்முறை நேரும் அபாயம் மிகுதி. அதற்கு அஞ்சி அவரைத் தனியறையில் பூட்டிவிடுவதோ இன்னொரு தண்டனை. பேச ஆளில்லாமல், வேலையும் வகுப்பும் இல்லாமல் அடைபட்டிருப்பவர், காப்பாற்றப்பட்டவர் ஆவாரா? தனிப் பகுதியும் தனிக் குளியலறையும் வேண்டும் என்று கூறும் அதே அறிவுறுத்தல், அப்பிரிவு முழுத் தனிமையாக மாறிவிடக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. ஆகவே ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து, அவரையே கேட்டு, முடிவு செய்ய வேண்டும். அம்முடிவை அவ்வப்போது மறுபரிசீலனை செய்வதும் அவசியம்.

காவலர் எழுப்பும் ஐயங்களையும் பயிற்சி ஒதுக்கிவிடக் கூடாது. "எவனாவது பொய் சொல்லிப் பெண்கள் பகுதிக்குள் நுழைந்துவிட்டால்?" என்பது அவற்றுள் ஒன்று. ஒருவர் வாய்மொழியைக் கேட்ட மாத்திரத்தில் பகுதி மாற்றுமாறு எவரும் காவலரைப் பணிக்கவில்லை. வழக்கின் தன்மை, முன் நடத்தை, உடன் தங்குவோரின் பாதுகாப்பு ஆகியவற்றைச் சீர்தூக்கி, மேலதிகாரியும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுப்பதே முறை. "விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்காக இத்தனை பாடா?" என்பது மற்றொன்று. தனியே கேட்பது, மறைவில் சோதிப்பது, காரணத்தை எழுதி வைப்பது ஆகிய பழக்கங்கள் எல்லாக் கைதிக்கும் பயன் தருபவை. பொய்ப் புகார் எழும்போது காவலரைக் காப்பதும் அந்த எழுத்தே அன்றோ?

2021 ஜூன் 7-இல், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், சுஷ்மா வழக்கில் பிறப்பித்த ஆணையில், காவல்துறைக்கும் சிறைத்துறைக்கும் இத்தகைய விழிப்புணர்வுப் பயிற்சி குறித்த கால இடைவெளியில் நடைபெற வேண்டும் என்றார். 'குறித்த கால இடைவெளியில்' என்னும் சொற்கள் கருதத்தக்கவை. ஒருநாள் சொற்பொழிவு கேட்டுக் கையொப்பமிட்டுச் செல்வதால் நெடுநாளைய பழக்கம் மாறாது. திருநர் சமூகத்தினரையே ஆசிரியராக அழைத்து, வாயிற்பதிவையும் சோதனையையும் நடித்துப் பழகி, தவறிய இடத்தைத் திருத்திக்கொள்வதே பயன் தரும் பயிற்சி. 2022-இல் தமிழக அரசு காவலர் நடத்தை விதியைத் திருத்தி, இச்சமூகத்தினரைத் துன்புறுத்துவதைத் தடை செய்தது. பயிற்சிக்குப் பின்னே விதியும் நின்றால்தான் பாடம் நிலைக்கும்.

மான்குர்த், செம்பூர், தாராவி ஆகிய பகுதிகளில் வாழும் நம்மவருக்கு இதில் என்ன பங்கு? காவலில் உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் அளிக்கிறது; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உறவினரையும் நண்பரையும் சந்திக்கும் வாய்ப்பு இவர்களுக்கும் சமமாக உண்டு என்று 2024 ஜூலையில் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு நினைவூட்டியது. வீட்டைவிட்டு விலக்கப்பட்ட பிள்ளை ஒருவர் சிறையில் இருப்பதாகத் தெரிந்தால், சென்று காணுங்கள். மனுவில் அவர் விரும்பும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பார்க்க வருவோர் உள்ள கைதியிடம் எந்தக் காவலரும் சற்று நிதானித்தே நடந்துகொள்வார். பயிற்சி நிலையங்கள் காவலருக்குக் கற்பிக்கும் மரியாதையை, வீட்டார் தம் பிள்ளையிடம் முதலில் காட்டுவது அப்பாடத்திற்குப் பெருந்துணையாகும்.