முகப்பில் அமர்வோர்

வங்கி முகப்பில் புதிதாய்ப் பணியேற்பவருக்கு அலுவலக விதிகள் அச்சிட்ட நூலிற் கிடைக்கும். தமக்குத்தாமே வகுத்துக்கொள்ள வேண்டிய விதிகளோ வேறு. அவற்றை முதல் வாரத்திலேயே வகுத்தல் நன்று. நாட் செல்லின் பழக்கமே விதியாகிவிடும்.

அவற்றுள் தலையாயது, ‘நாளை வாருங்கள்’ என்று எளிதில் உரையாமை. சிற்றூரினின்று வரும் உழைப்பாளிக்கு அச்சொல்லால் ஒருநாட் கூலியும் பேருந்துக் கட்டணமும் இழப்பாகும். காசோலையையே நோக்குக. முன்னர் 6 திங்கள் செல்லத்தக்கதாயிருந்த அது, 2012 ஏப்ரல் 1 முதல், குறித்த நாளிலிருந்து 3 திங்களே செல்லும். நாட்கடந்த காசோலையுடன் முதியவர் ஒருவர் வந்து நிற்கின்றார். ‘செல்லாது’ என்று திருப்பித் தரச் சில நொடிகள் போதும். அதனால் பணம் பெறும் உரிமை போய்விடவில்லை, கொடுத்தவரிடம் புதிய காசோலை கேட்டுப் பெறலாம் என்று விளக்க இரண்டு நிமிடம் ஆகும். அவ்விரண்டு நிமிடத்தை அளிப்பதென முன்னரே உறுதிகொள்ளாதவர், வரிசை நீண்ட வேளையில் அளிக்கமாட்டார்.

அறியாததை அறிந்ததுபோற் கூறாமை மற்றொன்று. ‘மேலாளரைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்றால் மதிப்புக் குறையுமெனப் புதியவர் அஞ்சுவர். ஆண்டு பல கண்டோரும் அஞ்சுவதுண்டு! பணத்தை வாடிக்கையாளர் கண்முன்னே எண்ணுதல், ஒருவர்பாற் கொண்ட சினத்தை அடுத்தவர்மேற் காட்டாமை ஆகியனவும் இவ்வகையின. இறுதியிற் கூறியதே கடினமானது. முற்பகலிற் கேட்ட கடுஞ்சொல் பிற்பகல்வரை செவியில் நிற்கும்.