கல்லைத் தட்டிப் பார்ப்பது போல

செங்கல்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தில் சிலைக்குக் கல் எடுப்பவர்கள் முதலில் அதைத் தட்டிப் பார்ப்பார்கள். மணிபோலக் கணீரென்றால் ஆண் கல். ஓசை இளகியிருந்தால் பெண் கல். தொப்பென்று அடங்கினால் சிலைக்கு ஆகாது.

ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 தாளப்பெட்டியின் பேஸ் டிரம்மும் தட்டினால் ஒலிக்கும் கல்தான். அதற்குள் எந்தத் தோற்கருவியின் ஒலிப்பதிவும் கிடையாது. ஒரு சின்ன மின்சுற்று. அதன்மேல் கணநேரத் துடிப்பு ஒன்று விழும். ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் அதிர்ந்து அடங்கும். மும்பையின் சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டில் கேட்பது இந்தப் பெட்டியைத்தான். அன்று அந்த இசைத்தட்டைச் சீந்துவாரில்லை.

மாடுலர் சிந்தசைசரில் ஒலியை உண்டாக்குவது, வடிகட்டுவது, கூட்டிக் குறைப்பது எல்லாம் தனித்தனிப் பகுதிகள். ஒயர் போட்டு இணைப்பது நம் பாடு. 808-ஐ அதில் வரவழைக்கப் பலரும் ஒலியை உண்டாக்கும் ஆசிலேட்டரில் தொடங்குவார்கள். என் கட்சி, வடிகட்டும் ஃபில்டர். அதன் ரெசனன்ஸை (ஒத்ததிர்வை), தானாக ஊளையிடும் எல்லைக்குச் சற்று முன்வரை ஏற்றி, ஒரு டிரிகரை, அதாவது கணநேரத் துடிப்பை, உள்ளே விடுங்கள். ஃபில்டரே 'தூம்' என்னும். ரெசனன்ஸ் ஏற ஏறக் கார்வை நீளும். தொடக்கத்தில் மட்டும் சுருதியைச் சட்டென உயர்த்தி இறக்கினால் அடியின் அழுத்தமும் வந்துவிடும்.

ஸ்னேர் டிரம்முக்கு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் பக்கம் போகலாம். அலை உடையும்போது வரும் 'ஷ்ஷ்' போன்ற இரைச்சலைச் சட்டென நறுக்கி, இரண்டு குறுஞ்சுருதிகளோடு சேர்த்தால் ஸ்னேர். 808-ல் அந்த இரைச்சலுக்காகத் தரத்தேர்வில் கழிந்த டிரான்சிஸ்டர்களையே தேடி வாங்கினார்களாம். ரோலண்டின் நிறுவனர் இகுடாரோ காகெஹாஷி சொன்னது. அவை கிடைக்காமல் போய் 1983-ல் உற்பத்தி நின்றது.

ஹை-ஹேட் தாளத்தட்டுக்கு, சுருதி சேராத ஆறு சதுர அலைகளைக் கலந்து கீழ் ஒலிகளை வடிகட்ட வேண்டும். சுருதி சேர்ந்தால் கெட்டது!

மிருதங்கம் இதற்கு நேர்மாறு. வெறும் தோலின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையா. வலந்தலை நடுவிலுள்ள கரணை (கருப்புப் பூச்சு) அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று 1920-ல் விளக்கினார் சி. வி. ராமன். ஆகவே அதற்கு ஒரு ஃபில்டர் போதாது. ஐந்தை 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்தில் சுருதி சேர்த்து ஒரே டிரிகரால் அடித்தால் 'தீம்' ஓரளவு கிட்டும். சாப்பு என்னும் அடி எனக்கு இன்னும் வசப்படவில்லை.