கதைத்தலைவியும் இரசிகர் படைப்பும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருகவென மலர்க்குழுவினர் பணித்தபோது, பழைய மாணவர்க்கும் இந்நாள் மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் பொருள் யாதென எண்ணினோம். இலக்கணமும் இலக்கிய வரலாறும் எழுதுவார் பலர் உளர். ஆதலின், எம் ஆசிரியப் பணியிடையே அண்மையில் எழுந்த வினாவொன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பிறர் படைத்த கதையின் தலைவியை எடுத்து, அவளைக் கொண்டு தாமே புதுக்கதை புனையும் வழக்கம் இளைஞரிடையே பரவியுள்ளது. அது தகுமா, தகாதா என்பதே அவ்வினா.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒருவனின் கட்டுரைக் கொப்பியைத் திருத்துகையில், கடைசிப் பக்கங்களில் நீண்ட கதையொன்று எழுதப்பட்டிருக்கக் கண்டோம். அதன் தலைவி ஹெர்மயனி. இங்கிலாந்து எழுத்தாளர் ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளியிட்ட ஹரி பொட்டர் மாயக்கதைத் தொடரில் வரும் அறிவுமிக்க பெண் அவள். ஏழாம் நூலில், பகைவரிடமிருந்து தன் பெற்றோரைக் காக்க விரும்பிய அவள், தன்னைப் பற்றிய நினைவையே அவர்தம் மனத்திலிருந்து மந்திரத்தால் அகற்றி, அவர்களை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுகிறாள். போர் முடிந்தபின் மகள் பெற்றோரை மீண்டும் கண்ட காட்சியை நூல் விரித்துரைக்கவில்லை. அந்த இடைவெளியிலேதான் எம் மாணவன் புகுந்திருந்தான். அவன் கதையில் ஹெர்மயனி நெடுந்தொலைவு சென்று ஒரு வீட்டின் கதவைத் தட்டுகிறாள். கதவைத் திறந்த தந்தை, "யாரம்மா நீ?" என்று வினவுகிறார். அத்துடன் கதை நின்றிருந்தது.

யாம் செய்தது யாது? சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு, "பாடத்துக்குப் புறம்பு" என்று எழுதிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தோம். அவன் ஒன்றும் கூறாது தலைகுனிந்து வாங்கிச் சென்றான். அச்செயல் சரியன்று என்பதை யாம் பின்னரே உணர்ந்தோம். உணர்ந்தவாற்றைக் கூறுமுன், இவ்வழக்கத்தின் இயல்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

இரசிகர் படைப்பு மூவகையாக நிகழ்கின்றது. முதலாவது, ஆசிரியர் சொல்லாது விட்டதைச் சொல்லுதல். எம் மாணவன் செய்தது இதுவே. இரண்டாவது, தலைவியின் உருவை மாற்றிக் காணுதல். ஹெர்மயனியைக் கருநிறப் பெண்ணாக வாசகர் பலர் நெடுநாள் ஓவியங்களில் வரைந்து வந்தனர். 2016 ஆம் ஆண்டில் இலண்டனில் அரங்கேறிய நாடகத்தில் நோமா டுமெஸ்வேனி என்னும் கருநிற நடிகை அப்பாத்திரத்தை ஏற்றார். சிலர் முணுமுணுத்தபோது, ஹெர்மயனியின் நிறம் வெள்ளை என்று தாம் எங்கும் வரையறுக்கவில்லை என ரௌலிங் அம்மையார் அந்நடிகைக்கு ஆதரவாக நின்றார். மூன்றாவது, இணைசேர்த்தல். தலைவிக்கு ஏற்ற துணைவன் யாவன் என்பதில் வாசகர் கட்சி பிரிந்து வாதிடுவர். நூலாசிரியர் அவளை ரொன் என்பானுக்கு மணமுடித்தார்; ஹரியே தக்கவன் என்று ஒரு கட்சியார் இன்றும் கதை எழுதுகின்றனர். 2014 இல் ரௌலிங் அம்மையாரே, அவ்விணை கதையின் தேவையினும் தம் மனவிருப்பினால் அமைந்தது என்று ஒரு நேர்காணலிற் கூறவே, வாதம் மேலும் வலுத்தது.

இவையெல்லாம் மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்றே யாமும் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரு மாசி மாதத்து இரவு. அம்மாணவனின் தோட்டத்தில் காமன் கூத்து நிகழ்வதறிந்து, நண்பர் ஒருவருடன் சென்றிருந்தோம்.

மலையகத்துப் பழைய மாணவர்க்குக் காமன் கூத்தை விளக்க வேண்டுவதில்லை. பிறர்பொருட்டுச் சுருங்கக் கூறுதும். மாசி அமாவாசையை அடுத்த வளர்பிறையில் கரும்பு, ஆமணக்கு முதலியவற்றைக் கொண்டு காமன் கம்பம் நடுவர். அன்றுதொட்டுத் தப்பொலி மலைச்சரிவெங்கும் கேட்கும். ஆடவரே விரதம் பூண்டு இரதியாகவும் மன்மதனாகவும் வேடந்தாங்கி லயந்தோறும் சென்று ஆடுவர். இருவர்க்கும் திருமணம் நிகழும். தேவர் ஏவலால் மன்மதன் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்று நெற்றிக்கண் நெருப்பால் எரிந்துபடுவான். பௌர்ணமியை ஒட்டி நிகழும் இத்தகனத்தின்பின், அவனை உயிர்ப்பிக்கும் சடங்கும் உண்டு.

இக்கதையின் மூலம் யாவரும் அறிந்ததே. காளிதாசரின் குமாரசம்பவத்தில் நான்காம் சருக்கம் முழுவதும் இரதியின் புலம்பலாகும். கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் காமதகனப் படலம் உளது. தகனம் நிகழ்ந்த தலமெனச் சோழநாட்டுத் திருக்குறுக்கையைச் சைவர் போற்றுவர். எனினும், தோட்டத்து இரதி ஏட்டிற்கண்ட இரதி அல்லள். கணவனை வழிமறித்துப் போகவேண்டாமென்று வாதிடுகின்றாள். அவன் ஒரு நியாயம் சொல்ல, அவள் அதற்கு மறுப்புரைக்கின்றாள். தகனத்தின்பின் அவள் புலம்புகையில், சுற்றியிருக்கும் தாய்மார் அனைவரும் உடன் அழுகின்றனர்.

அன்றிரவு தேநீர் தந்து எம்மை உபசரித்த முதியவர் ஒருவர், இளமையில் தாம் பல ஆண்டுகள் இரதி வேடம் பூண்டவர் என்று அறிந்தோம். எம் மாணவனின் தாத்தா அவர். புராணத்திலுள்ள இரதிக்கும் கூத்திலுள்ள இரதிக்கும் வேறுபாடு ஏன் என்று வினவினோம். அவர் சிரித்துக்கொண்டே, "வாத்தியாரய்யா, பொஸ்தகத்துல ரதி எரிஞ்ச பொறவுதான் அழுவுறா. எங்க தோட்டத்து ரதி முன்னாலயே மறிச்சுப் பாப்பா. அப்பிடி மறிக்காம எந்தப் பொம்பளை இருப்பா?" என்றார்.

அவ்விடை எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்தது. புராணம் தேவர் காரியத்தைச் சொல்ல வந்தது. முருகன் அவதரிக்க வேண்டும், சூரன் அழிய வேண்டும். அப்பெருங்கதையில் இரதி ஓரத்தில் நிற்பவள். தோட்டத்து மக்களோ அவளை நடுவே நிறுத்தினர். மேலிடத்தார் ஏவியதனால் கணவன் போகின்றான், போனவன் மீளவில்லை, நியாயம் கேட்க அவளுக்கு ஓரிடமுமில்லை. கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல்கடந்து வந்த மக்கள் இத்துன்பத்தைத் தம் வாழ்விலே கண்டவர். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் அவருள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பிரித்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் செல்லத் தம்பி இருந்தான். மகள் செல்லத் தாய் இருந்தாள். 1924 இல் பதுளைக்கு வந்த இருப்புப்பாதைக்கு அப்பால் போக வழியில்லை. ஆனால் அங்கிருந்து தலைமன்னாரை நோக்கிக் கண்ணீருடன் சென்றவர் பலர். இத்தகைய மக்கள் இரதியைத் தம்மவளாக வரித்ததில் வியப்பில்லை என்பது எம் கருத்து.

இணைசேர்த்தலும் கட்சிகட்டலும் நமக்குப் புதியனவல்ல. தஞ்சைப் பக்கத்து இலாவணிப் பாட்டில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டுண்டு. மன்மதன் எரிந்து சாம்பரானான் என்பார் ஒருபுறமும், எரியவில்லை என்பார் மறுபுறமும் அமர்ந்து விடியவிடியப் பாட்டால் வினாவிடை தொடுப்பர். பாகவதமோ வேறொரு வழி காண்கின்றது: இரதி மாயாவதியாகச் சம்பரன் மனையில் வாழ, மன்மதன் கண்ணபிரானின் மகன் பிரத்தியும்நனாகப் பிறந்து அவளை அடைகின்றான். சைவர் கதையில் அவன் உருவிலியாய் உயிர்பெற்று இரதியின் கண்ணுக்கு மட்டும் புலனாகின்றான். பிரிந்த இணையைச் சேர்த்துவைக்க எத்தனை உள்ளங்கள் முயன்றுள்ளன என்பதை நோக்குக.

உருவை மாற்றிக் காண்டற்கு அல்லி சான்றாவாள். பாரதத்துச் சித்திராங்கதை அருச்சுனனை மணந்து மகனைப் பெற்றதோடு பின்னணியில் மறைபவள். தமிழ்நாட்டு மக்களோ பாண்டியன் மகளாகிய அவளிடத்திலிருந்து அல்லி அரசாணியைப் படைத்தனர். புகழேந்தியார் பேரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில் அவள் மதுரையைத் தனித்து ஆள்பவள், ஆடவரை மதியாதவள், அருச்சுனனே அவளை அடையச் சூழ்ச்சி செய்யவேண்டியவனாகின்றான். வியாசர் ஒரு சில சுலோகங்களில் விட்டவளை மக்கள் ஒரு நூலுக்கே தலைவியாக்கினர்.

இனி, எதனையும் எப்படியும் மாற்றலாமோ எனின், அன்று. மேற்கூறிய படைப்புகளில் ஓர் ஒழுங்கு உண்டு. காமன் கூத்தில் இரதி எவ்வளவு வாதிட்டாலும் நெருப்பு தவிர்க்கப்படுவதில்லை. அந்நெருப்பை எடுத்துவிட்டால் அவள் வாதத்துக்குப் பொருளேயில்லை. மூலக்கதையின் முள்ளந்தண்டை முறிக்காது, அது பேசாதுவிட்ட இடத்திற் பேசுவதே நல்ல இரசிகனின் தொழில். தலைவியை வெறும் காட்சிப் பொருளாக்கி இழிவுசெய்யும் எழுத்துகளும் இன்று கைத்தொலைபேசிகளில் உலவுகின்றன. அவை அவளை நேசிப்பன அல்ல. மாணவர் இவ்விரண்டையும் வேறுபிரித்தறியக் கற்றல் வேண்டும். பிறர் படைப்பைத் தன் படைப்பென்று விற்றலும் தகாது. கற்பிப்பவர் கடமை, கோடிட்டு விலக்குவதன்று. இவ்வொழுங்கை எடுத்துக் காட்டுவதே.

அடுத்த வாரம் அம்மாணவனை அழைத்து, கொப்பியைத் தருமாறு கேட்டோம். எம் சிவப்புக் கோட்டின்கீழ், "கோடிட்டது தவறு. கதையை முடித்துத் தருக" என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பெற்றோரைத் தேடும் கதையை ஏன் தெரிந்தெடுத்தாய் என்றும் வினவினோம். தன் தாத்தாவின் தமக்கை இந்தியாவுக்குச் சென்றவரென்றும், இளமையிலே பிரிந்த அவரைத் தாத்தா மீண்டும் காணவேயில்லை என்றும் கூறினான். ஹரியா, ரொனா, யாரைத் தலைவியுடன் அனுப்பப் போகிறாய் என்றதற்கு, "ஒருவரையும் இல்லை, சேர். கதவைத் தட்டுவது அவள் தனியே செய்யவேண்டியது" என்றான். இரதியின் பேரன் என்பது பொருந்தும்.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பத்துடன் முடிக்கின்றோம். தெமோதரை, அப்புத்தளை, மடுல்சீமை, லுணுகலை என நீவிர் பிறந்த தோட்டங்களில் கூத்துப் பாட்டறிந்த முதியோர் இன்றும் சிலர் இருத்தல் கூடும். ஒரு தோட்டத்து இரதியின் வாதம் மறு தோட்டத்தில் அவ்வாறே இராது; ஒவ்வொன்றும் அவ்வம் மக்களின் படைப்பு. அவை ஏட்டில் ஏறாதவை. பாடுவார் மறையின் உடன் மறைவன. இம்மாசியில் ஊருக்குச் செல்லும்போது, கையிலுள்ள தொலைபேசியிலே அப்பாட்டுகளைப் பதிவுசெய்து, பாடியவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் குறித்து, கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புவீராக. கேட்டு எழுதிவைக்க எம் மாணவர் காத்திருக்கின்றனர்.